ஆத்தா வந்த வீட்டில் ஒரு வெள்ளை மாத்திரை

கோழிப்பண்ணைக்காரிக்குக் கோழி ஆகாது என்று டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்ததும் இருமல் வந்தது, இருமியதும் மூச்சு வாங்கியது. டாக்டர் சொன்னது சரிதான் என்பதற்கு அங்கேயே சாட்சி கிடைத்துவிட்டது.

எங்கள் ஊர் மல்லசமுத்திரம் பக்கம். முட்டைக்கோழிப் பண்ணை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கூண்டுக்கும் வீட்டுக்கும் நடந்தே தேய்ந்தவள் நான். எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. தீவனம் கொட்டுவது, முட்டை பொறுக்குவது, எரு அள்ளுகிறவர்களிடம் சண்டை போடுவது என்று பொழுது போய்விடும். அப்படிப்பட்டவள் எருக்குழி வரை நடப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு விட ஆரம்பித்தேன். காய்ச்சலும் விட்டுவிட்டு வந்தது. பக்கத்து ஊர் கிளினிக்கில் ஊசி போட்டார்கள். மெடிக்கல்காரர் காகிதத்தில் மடித்து ஏதோ மாத்திரை கொடுத்தார். இரண்டு நாள் குதிரை மாதிரி ஓடினேன். மாத்திரை தீர்ந்ததும் மறுபடி சுருண்டேன். அது என்ன மாத்திரை என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கடைசியில் என் வீட்டுக்காரர் சேலத்துக்குக் கூட்டிப்போனார். நுரையீரல் டாக்டர் ஒரு அம்மா. அவரைப் பார்ப்பதற்கு முன் ஸ்கேன், ரத்தம், ஒரு குழாயில் பலங்கொண்ட மட்டும் ஊதச் சொல்லும் டெஸ்ட். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெஞ்சு, ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு கூட்டம். நான் எழுந்து நடப்பேன், தண்ணீர் குடிப்பேன், கவுன்டரில் போய் இன்னும் எத்தனை பேர் என்று கேட்பேன். என் வீட்டுக்காரர் மட்டும் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்த மனுசனுக்குப் பதற்றம் வந்தால் பேச்சு நின்றுவிடும், எனக்கு வந்தால் கால் நிற்காது.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கிருமி எதுவும் இல்லை. கோழி எச்சத்தூசி, இறகுத்தூசி இதையெல்லாம் என் உடம்பு எதிரி என்று நினைத்துக்கொண்டு சண்டை போடுகிறது, அந்தச் சண்டையில் நுரையீரலே வீங்கிப்போகிறது. அதற்கு ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ் என்று வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. சுருக்கமாகச் சொன்னால், அலர்ஜியால் வரும் நுரையீரல் அழற்சி. முதல் மருந்து, பண்ணைக்குள் காலே வைக்காமல் இருப்பது. இரண்டாவது, பிரெட்னிசலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரை.

அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையைப் பற்றி அவர் நிறையச் சொன்னார். காலையில் சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். சர்க்கரை ஏறலாம், பிரஷர் ஏறலாம், எலும்பும் கண்ணும் கெடலாம், அதனால் சொன்ன நாளில் பரிசோதனைக்கு வர வேண்டும். கை கால் வலிக்கிறதென்று தானாக வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. காய்ச்சல், வாந்தி என்றால் உடனே வர வேண்டும். அம்மை போட்டவர்கள் பக்கத்தில் போகக் கூடாது, தெரியாமல் போய்விட்டால் அன்றைக்கே போன் பண்ண வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, எவ்வளவு நன்றாக இருந்தாலும் திடீரென்று நிறுத்தக் கூடாது, அவரே படிப்படியாகக் குறைப்பார். நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். பண்ணைக்குள் போகக் கூடாது என்றதிலேயே என் மனசு நின்றுவிட்டது. மற்றதெல்லாம் காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை.

மாத்திரை நன்றாகத்தான் வேலை செய்தது. ஒரே வாரத்தில் மாடிப்படி ஏறினேன். ஆனால் அது கொடுத்த அவஸ்தை இருக்கிறதே, ஐயோ. ஏற்கெனவே கால் நிற்காதவள், மாத்திரை போட்ட பிறகு பம்பரம். தூக்கம் போய்விட்டது. அடுக்களையில் இருந்த டப்பாக்களையெல்லாம் இறக்கிக் கழுவி மறுபடி ஏற்றுவேன், மறுநாள் மறுபடி இறக்குவேன். சாப்பிட்டுக் கை கழுவும்போதே பசிக்கும். யார் என்ன சொன்னாலும் கோபம், கோபப்பட்ட கையோடு அழுகை. முகம் பன்னு மாதிரி உப்பிப்போனது. கல்யாண வீடுகளில், சரசு நல்லாத் தேறிட்டியே என்றார்கள். தேறவில்லை, வீங்கியிருக்கிறேன் என்று எத்தனை பேரிடம் சொல்வது? கண்ணாடியைப் பார்ப்பதையே விட்டேன். ஒழியட்டும் இந்த மாத்திரை என்று தினமும் காலையில் திட்டிக்கொண்டேதான் விழுங்குவேன்.

இப்படியே சில மாதம் ஓடிய நிலையில்தான் மகள் தர்ஷினி காலேஜ் ஹாஸ்டலிலிருந்து காய்ச்சலோடு வந்து இறங்கினாள். மறுநாள் நெற்றியிலும் மார்பிலும் தண்ணீர் கோத்த கொப்புளங்கள். அடுத்த வீட்டிலிருந்து நங்கையா வந்து பார்த்தார். நங்கையா என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா, எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆத்தா வந்துவிட்டாள்.

எங்கள் ஊரில் அம்மை போட்டால் அது நோயில்லை. மாரியாத்தாளே வீட்டுக்கு வந்து பிள்ளை உடம்பில் இறங்கியிருக்கிறாள். வாசலில் வேப்பங்கொத்து செருகிவிடுவோம், பிள்ளையை வேப்பிலைப் படுக்கையில் படுக்க வைப்போம். வீட்டில் தாளிப்பு கிடையாது, வெளி ஆட்கள் வரக் கூடாது, தலை சீவக் கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி ஆத்தாளை அனுப்பி வைக்கும் வரை அந்த வீட்டில் யாரும் மருந்து மாத்திரை தொடக் கூடாது. பிள்ளைக்கு மட்டுமில்லை, வீட்டில் இருக்கிற யாருமே தொடக் கூடாது. தொட்டால் ஆத்தா கோபித்துக்கொள்வாள்.

இதில் நங்கையா மகா கறார். அவருடைய ஒரே பையன் சின்ன வயதில் அம்மை போட்டுத்தான் இறந்தான். யாரோ திருட்டுத்தனமாகக் காய்ச்சல் மாத்திரை கொடுத்துவிட்டார்கள், அதனால்தான் ஆத்தா கொண்டுபோய்விட்டாள் என்று அப்போது ஊர் பேசியதாம். அதற்குப் பிறகு எந்த வீட்டில் அம்மை என்றாலும் நங்கையாதான் போய் நின்று எல்லாம் முறைப்படி நடக்கிறதா என்று பார்ப்பார்.

அவர் என் மாத்திரை அட்டையை எடுத்து ஒரு பையில் போட்டு, சுத்தமாக வீட்டுக்கு வெளியே, வண்டிக்குள் வைக்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். டாக்டர் சொன்னது அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. சாமி பெயரைச் சொல்லி அந்த மாத்திரையிலிருந்து எனக்கு விடுதலை கிடைத்த சந்தோஷம் உள்ளே. அம்மை போட்டவர் பக்கத்தில் போகக் கூடாது என்றதும் சுத்தமாக நினைவில் இல்லை. பெற்ற பிள்ளை முனகிக்கொண்டு கிடக்கும்போது எந்தத் தாய் எட்ட நிற்பாள்? நான்தான் வேப்பிலையால் வருடிக் கொடுத்தேன், இளநீர் ஊட்டினேன்.

முதல் நாள் ஒன்றுமில்லை. அடுத்த நாள் கை கால் அசதி. அதற்கப்புறம் எழுந்தால் கண் இருட்டியது, வயிறு பிசைந்து வலித்தது, குடித்த தண்ணீர் எல்லாம் வாந்தியாக வந்தது. எனக்கும் ஆத்தா வரப்போகிறாள், அதற்கு முன்னாடி இப்படித்தான் இருக்கும் என்றார் நங்கையா. சும்மா இருக்கத் தெரியாதவள் ஒரு விரலைத் தூக்க முடியாமல் கட்டிலில் கிடந்தேன். ஆனால் உள்ளுக்குள் மட்டும் ஒரு பரபரப்பு, எழுந்து ஓடு, எழுந்து ஓடு என்று. உடம்பு கேட்கவில்லை. செத்துப்போய்விடுவேன் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. சொல்லத்தான் குரல் வரவில்லை.

என் வீட்டுக்காரர் வண்டிச் சாவியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா அக்கா என்று கேட்டது காதில் விழுந்தது. நங்கையா வாசற்படியில் நின்றார். தண்ணி ஊத்தற வரைக்கும் பொறுத்துக்க தம்பி, இந்த நெலமையில ஊட்ட உட்டுத் தூக்கிட்டுப் போனா பிள்ளைக்கு ஆகாது என்றார். அவர் குரலில் அதட்டல் இல்லை, நடுக்கம்தான் இருந்தது. இவர் பெண்டாட்டியைப் பார்ப்பாரா, பிள்ளையைப் பார்ப்பாரா? கட்டில் ஓரமாக வந்து உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் உள் அறைக் கதவு திறந்தது. தர்ஷினி வந்தாள். மஞ்சள் நீரில் நனைத்த வேட்டியைப் போர்த்தியிருந்தாள். முடி அவிழ்ந்து கிடந்தது, முகமெல்லாம் கொப்புளம், கையில் ஒரு வேப்பங்கொத்து. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து அத்தை முன்னால் நின்றாள்.

"என்ற மேல ஆத்தா இருக்கறான்னுதான சொல்றீங்க? அப்ப ஆத்தாதான் சொல்றேன். இவளை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. மருந்து குடுங்க. எனக்கு அதுல கோவமில்ல."

இவளை என்றாள். என் மகள் என்னை அப்படிச் சொன்னதைக் கேட்டதும் எனக்கு மயிர்க்கால் எல்லாம் சிலிர்த்துப்போனது. நங்கையா இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினார். அப்புறம் வாசற்படியை விட்டு நகர்ந்தார். என் வீட்டுக்காரர் என்னை அப்படியே வாரித் தூக்கினார். அதற்குப் பிறகு எனக்கு ரோட்டு வெளிச்சம் தவிர ஒன்றும் ஞாபகமில்லை.

சேலம் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் பிரஷரே பிடிபடவில்லையாம். சர்க்கரையும் தரைமட்டத்துக்கு இறங்கியிருந்ததாம். வயிற்றுப்போக்கு உண்டா, வெளியில் எங்கேயாவது சாப்பிட்டாரா என்று கேட்டிருக்கிறார் டியூட்டி டாக்டர், ஒரு இளைஞர். ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டதற்கு என் வீட்டுக்காரர், இல்லைங்க என்றாராம். அந்த மனுசன் பொய் சொல்லவில்லை. நான்கு நாளாக நான் ஒன்றும் சாப்பிடவில்லைதானே. நல்லவேளை, அந்த டாக்டர் என் முகத்தை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். உப்பிய கன்னம், கையில் லேசாகத் தொட்டாலே கன்றிப்போன தோல். எத்தனை மாசமா ஸ்டீராய்டு போட்டாங்க, எப்ப நிறுத்துனாங்க என்று கேட்டார். அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது.

நரம்பில் ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்டார்கள், சலைன் வேகமாக ஏற்றினார்கள். விடிந்து வெயில் வந்தபோது நான் கண்ணைத் திறந்து, கோழிக்குத் தண்ணி வெச்சீங்களா என்று கேட்டேனாம். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டு அழுதார். இருபது வருசத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

டாக்டரம்மா வந்து திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து சொன்னார், இந்தத் தரம் உள்ளே இறங்கியது. எங்கள் தோட்டத்து விஷயமாகவே எனக்குப் புரிந்தது. பஞ்சாயத்துத் தண்ணீர் தினமும் வந்துகொண்டே இருந்தால் கிணற்று மோட்டாரை யாரும் போட மாட்டோம். போடாத மோட்டார் இறுகிக் கிடக்கும். ஒரு நாள் பஞ்சாயத்துத் தண்ணீர் சட்டென்று நின்றால் மோட்டாரும் ஓடாது, குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இருக்காது. சிறுநீரகத்துக்கு மேலே இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன. அவை உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தாமே சுரக்கும். மாத்திரையில் அது மாதக்கணக்கில் வெளியிலிருந்து வந்தால் அவை தூங்கிப்போகும். கொஞ்சம் கொஞ்சமாக மாத்திரையைக் குறைத்தால்தான் மெதுவாக விழிக்கும். சட்டென்று நிறுத்தினால் பிரஷரைத் தூக்கிப் பிடிக்க ஆளில்லாமல் உயிரே போய்விடும். எனக்கு நடந்தது அதுதான்.

இன்னொரு பயமும் இருந்தது. வீட்டில் யாருக்கு அம்மை என்று கேட்டபோதுதான் டாக்டரம்மா முகம் மாறியது. இந்த மாத்திரை அழற்சியை அடக்குவதைப் போலவே உடம்பின் எதிர்ப்பையும் அடக்கிவிடும். மற்றவர்களுக்குக் கொப்புளத்தோடு போகிற அம்மை எனக்கு நுரையீரல் வரை போகலாம். சின்ன வயதில் உங்களுக்கு அம்மை போட்டதா என்றார். எனக்குத் தெரியாது, கேட்க என் அம்மாவும் இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எதிர்ப்பு இல்லை என்று வந்தது. தனி அறைக்கு மாற்றி, அம்மைக் கிருமியை அடக்குகிற மாத்திரையும் ஆரம்பித்தார்கள். அப்படியும் வரலாம், இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூட வரலாம் என்றார்கள்.

அந்தத் தனி அறை நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கால் பரபரக்கிறது. ஜன்னலுக்குப் போவேன், கதவுக்கு வருவேன். சலைன் கம்பியை இழுத்துக்கொண்டே நடப்பேன். நர்ஸ் திட்டுவார், உட்காருவேன், அவர் தலை மறைந்ததும் எழுவேன். மணிக்கொரு தரம் குளியலறையில் போய் வயிற்றையும் முதுகையும் பார்ப்பேன். கொசு கடித்தாலும் அதுதானோ என்று நர்ஸைக் கூப்பிடுவேன். மகளைப் பார்க்கவும் முடியாது, போனில்தான். அவள் முகத்தைக் காட்ட மாட்டேன் என்றாள், குரலை மட்டும் கேட்டுக்கொண்டேன். அன்றைக்கு நடந்ததைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் பண்ணைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடினார். பில் கவுன்டருக்கு நான் தூங்கும்போதுதான் போய்வருவார். வீட்டில் தாளிப்பு இல்லையே, அந்தச் சப்பென்ற சோற்றைத்தான் தூக்குப்போசியில் கொண்டுவந்து தருவார். நாக்கு செத்துப்போச்சுங்க, கீழே கேன்டீன்ல ஒரு தக்காளி சாதம் வாங்கியாங்க என்று சண்டை போட்டேன். வாங்கி வந்தார். அவர் மட்டும் அந்தச் சப்பைச் சோற்றையே சாப்பிட்டார். உங்களுக்கும் வாங்கலாமல்ல என்றேன். பிள்ளைக்குத் தண்ணி ஊத்தட்டும் என்றார். மருந்துக்கும் சரி என்று, ஆத்தாளுக்கும் சரி என்று, இரண்டுக்கும் நடுவில் அந்த மனுசன் நின்றார். நங்கையா மட்டும் ஒரு நாளும் வரவில்லை.

இதை எழுதும்போது என் மாத்திரை பாதிக்கும் கீழே குறைந்திருக்கிறது. குறைப்பது டாக்டர், நானில்லை. ஸ்டீராய்டு எடுப்பவள் என்று எழுதிய அட்டை என் பர்ஸில் இருக்கிறது, பல் பிடுங்கப் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறேன். காய்ச்சல் வந்தால் எவ்வளவு கூட்டிப் போட வேண்டும் என்றும் கேட்டு வைத்திருக்கிறேன். அரிப்பு, தும்மல் என்று ஊரில் சிலர் வந்து, உன்ற வெள்ளை மாத்திரை ரெண்டு குடு சரசு என்று கேட்கிறார்கள். விரட்டிவிடுகிறேன். நல்ல மருந்துதான், என் மூச்சைத் திருப்பிக் கொடுத்தது அதுதான். ஆனால் கண்டபடி தொடங்குகிற மருந்துமில்லை, கண்டபடி விடுகிற மருந்துமில்லை.

விட்ட இடத்துக்கு வருகிறேன். மகளுக்குக் கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்கு உதிர்ந்த பிறகு, தண்ணீரும் ஊற்றிய பிறகு, என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். நங்கையா வாசலில் ஆரத்தி எடுத்தார், என் கண்ணைப் பார்க்கவில்லை. மாத்திரைப் பை அடுக்களை அலமாரிக்குத் திரும்பியிருந்தது. யார் வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

சில நாள் கழித்து ஒரு காலை, குளிக்கும்போது இடுப்பில் கை பட்டது. பனித்துளி மாதிரி ஒன்று. பக்கத்தில் இன்னொன்று, முதுகில் மூன்று நான்கு. நான் போட்ட சத்தத்தில் எல்லாரும் ஓடிவந்தார்கள். என் வீட்டுக்காரர் உறைந்துபோய் நின்றார். நங்கையா கிட்டே வந்து பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், வெளியே போய் ஒரு வேப்பங்கொத்தை ஒடித்து வந்தார். இப்போது ஆத்தா என் உடம்பிலேயே வந்துவிட்டாள். மாத்திரை அலமாரியில் இருக்கிறது, சேலம் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. மறுபடி அந்தக் கட்டிலா என்றுதான் எனக்கு ஓடியது.

தர்ஷினிதான் முன்னால் வந்தாள். வடு ஆறாத முகம், கண்ணெல்லாம் தண்ணீர்.

"அத்தை, அன்னைக்குப் பேசுனது ஆத்தா இல்லீங்க. நான்தான். பொய் சொன்னேன். அந்தக் கோவத்த ஆத்தா என்ற மேல காட்டட்டும். அம்மாவ மட்டும் விட்டுருங்க, ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்."

நங்கையா அவளைக் கிட்டே இழுத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"எனக்குத் தெரியும் சாமி. ஆத்தா வாக்கு சொல்றத எத்தனை கோயில்ல கேட்டிருக்கறேன், உன்ற கொரலு எனக்குத் தெரியாதா? என்ற பையன் கெடக்கறப்ப, ஆராவது வந்து இப்படி ஒரு வார்த்தை சொல்லமாட்டாங்களான்னு இதே மாதிரி ஒரு வாசப்படியிலதான் நின்னுட்டிருந்தேன். பொய்யாவாச்சும் ஒருத்தரும் சொல்லல. நானும் தூக்கிட்டு ஓடல."

பிறகு தம்பி பக்கம் திரும்பி, வண்டிய எடு என்றார். வாசலில் செருக ஒடித்து வைத்திருந்த வேப்பங்கொத்தை என் கையில் கொடுத்தார். அலமாரியைத் திறந்து மாத்திரைப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.